யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு: ஆவணிக் கிணறும் கார்த்திகை ஒழுங்கையும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒன்பது ஆண்டுகள் மாடிக் குடியிருப்பில் வாழ்ந்த நாங்கள், கணவருக்கு இடமாற்றம் கிடைத்ததால் 2023 ஆம் ஆண்டு தை மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் இருவர், நான்காம் தரத்தில் படித்துக்கொண்டிருந்த மகள், பிறந்து நான்கு மாதமே ஆகியிருந்த மகன், பருத்தித்துறையைச் சொந்த ஊராகக் கொண்ட மாமி என ஐந்து பேர். நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலையில். கலியாண வீடுகளுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வந்து போனதைத் தவிர யாழ்ப்பாணத்தை எனக்குத் தெரியாது. வந்த ஒன்பதாவது மாதத்திலேயே முதல் வீட்டை விட்டுவிட்டு இரண்டாவது வீட்டுக்கு மாற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் குடும்பத்தோடு திரும்பி வர நினைக்கும் நண்பர்கள் பலர், எந்தப் பகுதியில் வீடு எடுத்தால் நல்லது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதல் வீட்டைக் கைப்பேசியில் வந்த படங்களை நம்பித்தான் எடுத்தோம். கொழும்புத்துறைப் பக்கம், கடல்நீரேரிக்கு அருகில், இரண்டு அறைகளும் விறாந்தையும் கொண்ட ஓட்டு வீடு. மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்ததால் கிணற்றின் விளிம்பிலிருந்து கையை நீட்டினால் தொடக்கூடிய அளவுக்குத் தண்ணீர் நிறைந்து, பார்க்கவே மனம் குளிர்ந்தது. வளவு முழுவதும் பச்சை. ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு குடிபுகுந்தோம். வைகாசியில் தேநீரின் சுவை சற்று மாறியது. ஆனி பிறந்தபோது தலை முழுகினால் முடி சிக்குப்பட்டது. ஆவணியில் சவர்க்காரம் நுரைக்கவே இல்லை. கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு தகடாகப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் அடுப்படியில் நின்ற மாமி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை, இந்தத் தண்ணியில பருப்பு வேகாது" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு அந்த வீட்டைப் பற்றிய பேச்சு முடிந்தது. வீட்டுக்காரர் எங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். தை மாதத்தில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான் என்பதை அறியாமல் வந்தது எங்கள் பிழை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. இருக்கின்ற வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் கலந்துவிடுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்ற வடகீழ்ப் பருவமழைதான் எங்கள் தண்ணீரின் பெரும்பங்கு. அந்த மழை நிலத்தில் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நடுப்பகுதியில் அந்த வில்லை தடிப்பாகவும் கரையோரங்களில் மெல்லியதாகவும் இருக்கும். ஆடி, ஆவணி, புரட்டாதி என்று வெயில் ஏற ஏற, வீட்டு மோட்டர்களும் தோட்டத்து இயந்திரங்களும் இறைக்க இறைக்க, நன்னீர் மெலிந்து உவர் மேலேறுகிறது. ஆகவே ஒரு கிணற்றின் உண்மையான குணம் ஆவணியிலும் புரட்டாதியிலும்தான் தெரியும். வீட்டைத் தை மாசியில் பார்க்கிறவர்கள் அயல் வீட்டாரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "ஆவணியிலை இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ?" என்பதே.

இதை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை தேடத் தொடங்கியபோது ஊர்களின் பெயர்கள் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தன. குருநகர், பாசையூர், நாவாந்துறை, கொழும்புத்துறை, அரியாலையின் தென்பகுதி ஆகிய கரையோரங்களில் உவர் பெரும்பாலும் அருகிலேயே காத்திருக்கிறது. கோண்டாவில், உரும்பிராய், இணுவில், நீர்வேலி என்று செம்மண் நிலத்துக்குள் ஏறினால் கிணறுகள் ஆழமாகவும் தண்ணீர் இனிப்பாகவும் இருக்கின்றன. யாழ் நகரத்துக்கு நீண்டகாலமாகக் குழாய்நீர் கொடுத்ததே கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிணறுகள்தான். ஆனாலும் எல்லை ஊரின் பெயரோடு முடிவதில்லை. ஒரே ஊரில் பெருந்தெருவின் இந்தப் பக்கம் நன்னீரும், ஏரியை நோக்கிச் சாய்ந்த அந்தப் பக்கம் சவர்த் தண்ணீருமாக இருப்பதை இருபாலையிலும் கோப்பாயிலும் நானே குடித்துப் பார்த்திருக்கிறேன்.

இனிக்கின்ற தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் என்றும் நினைத்துவிடக் கூடாது. செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் போடுகின்ற யூரியாவும், வீடு நெருங்கிய இடங்களில் மலசலகூடக் குழிகளிலிருந்து இறங்குகின்ற கழிவும் கிணற்றில் நைத்திரேற்றாகச் சேர்கின்றன. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, நாக்குக்கும் தெரியாது. மாமியின் நாக்கு உவரைக் கண்டுபிடிப்பதில் தவறியதே இல்லை. ஆனால் நைத்திரேற்றின் முன்னால் எந்த அனுபவமும் உதவாது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றுப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தையோடு வருகின்ற தாய்மார் இந்த ஒன்றையாவது மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நான் வந்த புதிதில் என் மகனுக்கு நான்கு மாதம். எதுவும் தெரியாமல் கொதித்தாறிய கிணற்று நீரிலேயே பால் கரைத்துக் கொடுத்தேன். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த வழக்கையும் பலர் அறிவீர்கள். 2019 இல் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்டதிலிருந்து குழாய்நீரைப் பற்றிய நம்பிக்கை கூடியிருக்கிறது. இருந்தாலும் ஒழுங்கைக்குள் குழாய் புதைத்திருப்பது வேறு, வீட்டுக்கு இணைப்பு எடுத்திருப்பது வேறு, அந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பது வேறு. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இரண்டாம் முறை பதினான்கு வீடுகளைப் பார்த்தோம். ஒவ்வொரு வீட்டிலும் படலையைத் திறந்ததும் நான் நேரே கிணற்றடிக்குத்தான் போனேன். மோட்டர் போட்டுத் தாங்கியில் நிற்கும் தண்ணீரைக் காட்டுவார்கள். அது வேண்டாம், கப்பியில் வாளியை விட்டு அள்ளித் தாருங்கள் என்று கேட்பேன். ஒரு சில்வர் பேணியில் ஊற்றி மாமி ஒரு மிடறு குடிப்பார். நான் கையோடு கொண்டுபோன சவர்க்காரத் துண்டை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பேன். பிறகு கிணற்றுக் கட்டிலிருந்து மலசலகூடக் குழி வரைக்கும் அடி வைத்து நடப்பேன். நம் வளவுக் குழி மட்டுமன்று, மதிலுக்கு அப்பாலுள்ள அயல் வீட்டுக் குழியும் கணக்கில் சேரும் என்பதைக் கொக்குவிலில் ஒரு வீட்டில்தான் கற்றேன். புதிதாக வெள்ளை அடித்து, தரைக்கு மாபிள் பதித்து, குறை சொல்ல முடியாதபடி வைத்திருந்தார்கள். கிணற்றுக்குப் பின்னால் மதிலோரம் பூச்சு ஈரமாகக் கறுத்திருந்தது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால், பத்து அடி தூரத்தில் அயல் வீட்டுக் குழியின் கொங்கிறீற்று மூடி. இரண்டு பரப்புக் காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு வீடு கட்டினால் குழியும் கிணறும் வேறெங்கே போகும்? அந்த வீட்டுக்காரர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகளை நினைத்து வெளியே வந்துவிட்டேன். மனத்துக்குப் பிடித்த இரண்டு வீடுகளின் தண்ணீரைப் போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதித்த பின்னரே முற்பணம் பேசினோம். அந்தச் சோதனைக்கான செலவு ஒரு மாத வாடகையின் மிகச் சிறு பங்கு.

கிணறு ஆவணிக்கான சோதனை என்றால், ஒழுங்கை கார்த்திகைக்கான சோதனை. 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட பெருவெள்ளம் எப்போதாவதுதான் வருகிறது. ஆனால் குளங்கள் தூர்ந்தும் வாய்க்கால்கள் மதில்களால் அடைபட்டும் போன பகுதிகளில் சாதாரண மாரி மழைக்கே முழங்காலளவு தண்ணீர் நின்றுவிடுகிறது. வயல் வெளியாகக் கிடந்ததை மண் நிரப்பிக் கட்டிய வீடுகள் அரியாலை, நாயன்மார்கட்டு, செம்மணிப் பக்கங்களில் உண்டு. வழுக்கையாற்றுப் படுகையை அண்டிய நவாலி, சண்டிலிப்பாய்ப் பக்கங்களிலும் உண்டு. வீட்டின் நிலம் உயர்ந்திருந்தாலும் ஒழுங்கை தாழ்ந்திருந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போவது எப்படி? மதிலின் அடியில் நீர்மட்டம் விட்டுப்போன பழுப்புக் கோட்டைத் தேடுங்கள். அது வெள்ளையடிப்பில் மறைந்திருந்தால் சந்திக் கடைக்காரரிடம் கேளுங்கள். வீடு வாடகைக்குப் போவதால் அவருக்கு இலாபமும் இல்லை, போகாததால் நட்டமும் இல்லை. நான் கேட்ட ஒரு கடைக்கார ஐயா, "தங்கச்சி, கார்த்திகையிலை இந்த ஒழுங்கைக்குள்ளை நான் சைக்கிளைக் கொண்டுபோறேல்லை" என்றார். அதற்கு மேல் விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. தேங்கிய நீரோடு டெங்கும் வரும். மாரியை ஒட்டிய மாதங்களில்தான் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் கூடுகிறது.

அடுத்தது பாதை. காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, மானிப்பாய் வீதி, கண்டி வீதி என்று பெருந்தெருக்கள் நகரத்திலிருந்து விரல்களைப் போல விரிகின்றன. பேருந்துகளும் மினிபஸ்களும் அந்த விரல்களின் நீளத்துக்கே ஓடுகின்றன. ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குத் தாவுவதுதான் கடினம். மானிப்பாயில் வீடும் கல்வியங்காட்டில் ரியூசனுமாக அமைந்தால், சொந்த வாகனம் இல்லாத குடும்பம் நகரத்துக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும், அல்லது ஒவ்வொரு நாளும் ஓட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆகவே வீட்டாரில் ஒவ்வொருவரும் கிழமையில் எத்தனை தரம் எங்கே போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கணவர் ஐந்து நாள் நகரத்துக்கு. மகள் ஐந்து நாள் பள்ளிக்கூடத்துக்கும் நான்கு மாலை ரியூசனுக்கும். மாமி மாதத்தில் ஒரு தரம் அதிகாலையில் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கும், இரண்டு தரமாவது பருத்தித்துறைக்கும். எல்லாக் கோடுகளும் நகரத்துக்கும் பருத்தித்துறை வீதிக்கும் இடையிலேயே கிடந்தன. தேட வேண்டிய பகுதியில் முக்கால் பங்கு அந்தத் தாளிலேயே சுருங்கிவிட்டது.

ரியூசன் முடிந்து பெண்பிள்ளை ஆறரை மணிக்கு ஒழுங்கைக்குள் திரும்பி வருவாள் என்பதால், பிடித்த வீட்டை இரவு ஏழு மணிக்கும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வீதிவிளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை, மதில்களுக்கு நடுவே ஆளரவம் உண்டா என்பவை பகலில் தெரியா. கொக்குவில் முதல் சுன்னாகம் வரை தண்டவாளம் குறுக்கிடும் ஒழுங்கைகளில் காவலோ படலையோ இல்லாத கடவை வருகிறதா என்று பாருங்கள். சைக்கிளில் போகும் பிள்ளை அந்தக் கடவையை நாளுக்கு நான்கு தடவை தாண்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊர்களைப் பற்றி என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் பல்கலைக்கழகமும் சந்தையும் கடைகளும் ரியூசன்களும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. ஆனால் மாணவர்களுக்கு அறை அறையாகக் கொடுத்தால் கூடிய வருமானம் வருமென்பதால் குடும்பத்துக்குத் தனி வீடு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாடகை அதிகம். நல்லூரில் இருப்பது மாமிக்குப் பெரும் ஆசை. திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படுவதால், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த வழியால் வெளியே போவது என்பதை அங்கு குடியேறுபவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். சுண்டுக்குளி பள்ளிக்கூடங்களுக்கு அருகில். வாடகை எங்களுக்கு எட்டவில்லை. மானிப்பாயும் ஆனைக்கோட்டையும் அமைதியான, வாடகை குறைந்த ஊர்கள். கோண்டாவில், உரும்பிராயில் பெரிய வளவும் மாமரமும் கிடைக்கும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் தோட்டத்துச் செம்மண் வீட்டுக்குள் வந்து படியும் என்று அங்கு வாழ்கின்ற என் தோழி சொன்னாள்; இளைப்புள்ள பிள்ளை இருந்தால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க இருப்பவர்கள் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் ஒன்றாகவே யோசிக்க வேண்டும். அரசாங்கப் பாடசாலை அனுமதியில் பெரும்பங்கு இடங்கள் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கே உரியவை. அந்த வதிவைத் தேர்தல் இடாப்பும், பதிவு செய்த குத்தகை உறுதியும், மின்சாரப் பட்டியல் போன்றவையும் காட்ட வேண்டும். பல ஆண்டு இடாப்புகளுக்குப் புள்ளி உண்டென்பதால், பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது வீடு மாறுவது காலம் கடந்த செயல். வந்தவுடன் கிராம அலுவலரிடம் பதிந்துகொள்ளுங்கள். இங்கே பல வீடுகளின் சொந்தக்காரர்கள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, உறவினர் ஒருவர் வாடகைக்குக் கொடுக்கிறார். சொந்தக்காரர் சார்பில் கையொப்பமிட அவரிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் ஆறு மாத முற்பணம் வெறும் நம்பிக்கையில் தொங்கும். மின்சாரப் பட்டியலில் பழைய நிலுவை கிடக்கிறதா என்பதையும் சாவியை வாங்குமுன் பாருங்கள்.

மனம் நொந்த ஒன்றையும் எழுத வேண்டும். பதினான்கு வீடுகளில் ஐந்தில், வாடகையைப் பேசுமுன் எங்கள் சொந்த ஊர் எது, எந்தக் கோயிலடி, யாருடைய பிள்ளைகள் என்று கேட்டார்கள். மச்சம் சமைக்கக் கூடாது என்று நேராகச் சொல்பவரோடு எனக்குப் பிணக்கு இல்லை. அது அவர்களின் வீடு, அவர்களின் நியமம். ஊரைக் கேட்டுச் சாதியைக் கணக்கிடுவது வேறு. மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "ஏன் அம்மா அவை அப்பப்பான்ரை பேரைக் கேட்டவை?" என்று திரும்பும் வழியில் கேட்டாள். அப்படிக் கேட்ட வீடுகளில் ஒன்றின் தண்ணீர் மிக நன்றாக இருந்தது. நாங்கள் அதை எடுக்கவில்லை.

கடைசியில் கல்வியங்காட்டில், பருத்தித்துறை வீதிக்கு மேற்கே ஒரு ஒழுங்கையில், கூரை தாழ்ந்த பழைய ஓட்டு வீடு ஒன்று அமைந்தது. குளியலறை சிறியது, மாபிள் இல்லை. சந்தை நடந்து போகும் தூரம். 750 ஆம் இலக்கப் பேருந்தில் மாமி ஒரே ஏற்றத்தில் பருத்தித்துறைக்குப் போய்விடுவார். சோதனையில் நைத்திரேற்று எல்லைக்குள் இருந்தது. ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு முறை போத்தலில் தண்ணீர் எடுத்துக் கொடுத்துச் சோதித்து வருகிறேன். புரட்டாதியில் குடிபுகுந்ததால், கிணறு மிக வற்றிய காலத்திலேயே அதன் தண்ணீரைக் குடித்துப் பார்த்தோம். அன்றைக்குக் கிணற்றின் உட்சுவரில் நீர்மட்டம் நின்ற இடத்துக்கு நேரே, கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தார் மாமி. ஒவ்வொரு ஆவணியிலும் வாளியை இறக்கி, முடிச்சு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பருப்பை அடுப்பில் வைக்கிறார்.